கரண்ட் போய் வரும் இடத்தில் ராஸ்பெர்ரி பை: கார்டைத் தானாகச் சோதிக்க வைப்பது எப்படி?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், ஷீட் காய வைக்கும் புகைக்கூடத்தின் சூட்டை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்ய ஒரு ராஸ்பெர்ரி பை (எஸ்டி கார்டில் ஓடும் சின்னப் பலகைக் கணினி) வைத்திருக்கிறேன். ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும்தான்; கரண்ட் நாலு தடவை போய் வரும். போன வாரம் அப்படி வந்தபின் பை எழவே இல்லை. ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் எஸ்டி கார்டைத் தானே சோதித்துச் சரிசெய்ய வைக்க முடியுமா? அங்கே மானிட்டரும் இல்லை, கீபோர்டும் இல்லை.

பதில்: முடியும். முதலில் அந்தக் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் கணினியில் செருகினால் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கும். சரி என்று அழுத்திவிடாதீர்கள். பையில் ஓடும் லினக்ஸ் கோப்புகளை வைக்கும் ஈஎக்ஸ்டி4 வகைப் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாததால் கேட்கிறது, அவ்வளவுதான். வேறொரு லினக்ஸ் கணினியில் ரீடர் வழியாகச் செருகி, அந்தப் பகுதியை அன்மவுன்ட் செய்தபின் (கணினியின் பயன்பாட்டிலிருந்து விடுவித்தபின்), கோப்பு அமைப்பைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையைக் கட்டாயச் சோதனைக்கான 'எஃப்' குறியோடு ஓட்டுங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும்.

இனி தானாக நடக்க வேண்டியது. கார்டின் பூட் பகுதியில், அதாவது பை எழும்போது முதலில் படிக்கும் பகுதியில், 'சிஎம்டிலைன்' என்ற கோப்பு இருக்கும். அதில் 'எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=யெஸ்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் முதலிலிருந்தே இருக்கும். கோப்பைத் திருத்தும்போது பலர் அழித்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், பெரிய பழுது தெரிந்ததும் பை எமர்ஜென்சி மோடில் போய் ஆளுக்காகக் காத்து நிற்கும். ஆளில்லாத புகைக்கூடத்தில் அது செத்த மாதிரிதான் தெரியும். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரி. நடுவில் என்டர் தட்டினால் பூட் ஆகாது.

அடுத்து எஃப்எஸ்டேப் கோப்பு, எந்தப் பகுதியை எப்படி இணைப்பது என்ற பட்டியல். ரூட் பகுதியின் (லினக்ஸ் இருக்கும் முதன்மைப் பகுதி) வரியில் ஆறாவதாக, கடைசியில் நிற்கும் எண் 1 என்று இருக்க வேண்டும். 0 என்றால் சோதனையே நடக்காது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், ஒவ்வொரு பூட்டிலும் நடப்பது மேலோட்டமான பார்வைதான். ஜர்னலில், அதாவது எழுதப்போவதை முன்கூட்டிக் குறித்துவைக்கும் இடத்தில், பாக்கி இருப்பதை எழுதி முடிக்கும். 'க்ளீன்' என்று குறி இருந்தால் நகர்ந்துவிடும். எத்தனை தடவை மவுன்ட் ஆனபின் (இணைக்கப்பட்டபின்) முழுச் சோதனை என்ற எண்ணிக்கை வழக்கமாக -1, அதாவது ஒருபோதும் வேண்டாம் என்று வைக்கப்பட்டிருக்கும். டியூன்2எஃப்எஸ் கட்டளையில் 'சி' (சின்ன எழுத்து) குறியோடு அதை 10 என்று மாற்றுங்கள். இத்தனை நாளுக்கு ஒருமுறை என்றும் வைக்கலாம், ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரி கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், இணையத்தில் நேரம் வாங்கும்வரை பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். சில நாள் கழித்து அதே கட்டளையை 'எல்' குறியோடு ஓட்டினால் கடைசியாகச் சோதித்த தேதி தெரியும். அது மாறியிருந்தால் வேலை நடக்கிறது.

ஒன்றை மனதில் வையுங்கள்: எஃப்எஸ்சிகே கோப்பு அமைப்பைத்தான் ஒட்டவைக்கும், உள்ளே இருந்த எண்களைத் திருப்பித் தராது. எஸ்டி கார்டு ஒரு சின்னப் பதிவுக்காகக்கூட உள்ளே பெரிய தொகுதியாக அழித்து எழுதும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் பக்கத்தில் சும்மா கிடந்த கோப்பும் கெடலாம். அதனால் எழுதுவதைக் குறைப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பை-கான்ஃபிக்கில் ஓவர்லே வசதியை (மாற்றங்களைக் கார்டுக்குப் பதில் நினைவகத்தில் வைப்பது) இயக்குங்கள். கார்டில் எழுத்தே நடக்காது. அதை இயக்கியபின் கார்டில் எதை மாற்றினாலும் அடுத்த பூட்டில் போய்விடும், ஆகவே மேலே சொன்னதையெல்லாம், அடுத்துச் சொல்லும் யுஎஸ்பி மாற்றத்தையும் முடித்துவிட்டுக் கடைசியாகச் செய்யுங்கள். வெப்பநிலைப் பதிவை ஒரு யுஎஸ்பி டிரைவுக்கு மாற்றி, எஃப்எஸ்டேப்பில் அதன் வரியில் கடைசி எண் 2, கூடவே நாலாவது இடத்தில் 'நோஃபெயில்' என்று போடுங்கள். டிரைவ் கெட்டாலும் பை எழும்.

அப்புறம், பை புகைக்கூடத்துக்குள்ளேயே இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். சென்சர் மட்டும் ஒயரில் உள்ளே போகட்டும். அந்தச் சூடும் புகையும் பலகைக்கும் கார்டுக்கும் ஆகாது. மின்னழுத்தம் குறைந்ததாக லாக்கில் வரி வந்தால் அடாப்டரை மாற்றுங்கள். முறையாக ஷட்டவுன் செய்து எழுப்பிய பிறகும் எஃப்எஸ்சிகே பழுதுகளைத் திருத்திக்கொண்டே இருந்தால் கார்டின் ஆயுள் முடிகிறது. அன்றைக்கே புதிய கார்டில் நகல் எடுத்துவிடுங்கள்.