கடிகாரத்துக்குள் இருக்கும் கல்

வணக்கம். பிறந்தநாளுக்கு நண்பர் ஒருவர் ஸ்படிக உருண்டை கொடுத்தார். மேசையில் வைத்தால் மனம் தெளியும், தலைவலி போகும் என்றார். சிரித்தேன். "உன் கைக்கடிகாரத்தை ஓட்டுவதும் இதே கல்தானே?" என்று மடக்கிவிட்டார். நிஜ ஸ்படிகம் தண்ணீரில் போட்டால் கண்ணுக்குத் தெரியாது என்றும் சொன்னார். போட்டுப் பார்த்தேன், நன்றாகவே தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?
க.

அன்புள்ள க.,

ஏமாந்திருந்தால் அது உங்கள் நண்பர்தான், காசு கொடுத்தவர் அவர். ஆனால் தண்ணீரை நம்பி முடிவுகட்ட வேண்டாம். ஒரு பொருள் தண்ணீருக்குள் மறைய வேண்டுமானால் இரண்டும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவு வளைக்க வேண்டும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஸ்படிகத்துக்கு 1.54, சாதாரணக் கண்ணாடிக்கு 1.52. நிஜம், போலி இரண்டுமே தெரியத்தான் செய்யும்.

வேறு வழி இருக்கிறது. வெள்ளைக் காகிதத்தில் ஒரு தலைமுடியை ஒட்டி, அதன்மேல் உருண்டையை வைத்து மெல்லத் திருப்பிக்கொண்டே பாருங்கள். ஸ்படிகம் என்றால் ஏதோ ஒரு நிலையில் முடி இரண்டாகத் தெரியும். உள்ளே புகும் ஒளியை அது இரண்டாகப் பிரிக்கிறது. கண்ணாடிக்கு அந்த வித்தை தெரியாது. உள்ளே குட்டிக் குட்டியாக உருண்டைக் குமிழிகள் இருந்தால் கண்ணாடி. கையில் எடுத்ததும் சில்லென்று இருக்கிறதா? கண்ணாடியைவிட ஸ்படிகம் வெப்பத்தைப் பல மடங்கு வேகமாகக் கடத்தும், அதனால் வரும் குளிர்ச்சி அது. கிரேக்கர்கள் பனிக்கட்டிக்கும் இதற்கும் ஒரே பெயர் வைத்தார்கள். உருகவே முடியாதபடி இறுகிப்போன பனி என்று ரோமானியரான பிளினி நம்பினார். தொட்டுப் பார்த்தால் அவரைக் குறை சொல்லத் தோன்றாது.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். 1880-இல் ழாக் கியூரியும் அவர் தம்பி பியேரும் ஒன்றைக் கண்டார்கள்: ஸ்படிகத் துண்டை அழுத்தினால் அதன் பரப்பில் மின்னூட்டம் தோன்றுகிறது. மின்சாரம் கொடுத்தால் துண்டின் வடிவம் துளி மாறுகிறது என்பதையும் அடுத்த ஆண்டே உறுதிசெய்தார்கள். கடிகாரத்துக்குள் இருப்பது இசைக்கவை வடிவில் (இரண்டே பற்கள் உள்ள முள்கரண்டி மாதிரி) வெட்டிய ஒரு சின்ன ஸ்படிகச் சில்லு. பேட்டரி தரும் மின்சாரத்தில் அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திரமான எண்? பதினைந்து முறை பாதி பாதியாக்கிப் பாருங்கள், சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் ஒரு விநாடி. வெட்டிய வடிவமும் அளவும் மாறாதவரை அதிர்வின் வேகமும் அநேகமாக மாறாது. ஸ்படிகத்தின் பெருமை அந்த ஒழுங்கில் இருக்கிறது. ஓட்டுவது பேட்டரி, தாளம் போடுவது கல். பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் நின்றுவிடுகிறது, கல் உள்ளேயேதான் இருக்கிறது. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லலாம். கடிகாரத்துக்குப் போகும் ஸ்படிகம் அநேகமாக எல்லாமே தொழிற்சாலையில் வளர்த்தது. கனமான எஃகுக் கலனில், கொதிநிலையைத் தாண்டிய நீரில், பெரும் அழுத்தத்தில் வாரக்கணக்கில் வளர்கிறது. இயற்கை ஸ்படிகத்தைப் போலவே அதுவும் அசல் சிலிக்கன் டைஆக்சைடுதான். ஆனால் 'இயற்கைக் கல்லுக்குத்தான் சக்தி' என்று விற்பவர்கள் கடிகாரத்தைச் சாட்சிக்கு அழைப்பது வேடிக்கை. (மேலே சொன்ன சோதனைகளில் இந்த வளர்ப்புக் கல்லும் தேறிவிடும்.)

தலைவலிக்கு? லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச், சிலருக்கு அசல் ஸ்படிகத்தையும் சிலருக்குப் போலியையும் கொடுத்துப் பார்த்தார். கூச்சம், வெதுவெதுப்பு, மனநிறைவு எல்லாம் இரு தரப்புக்கும் ஒன்றுபோலவே வந்தன. அழகான பொருளைச் சற்றுநேரம் பார்த்தால் மனம் அமைதியாவதை நான் மறுக்கமாட்டேன். தலைவலி தொடர்ந்தால் மட்டும் மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், மேசை ஜன்னலோரம் இருந்தால் உருண்டையை இடம் மாற்றுங்கள், இல்லையேல் துணி போட்டு மூடிவையுங்கள். வெயில் பட்டால் அது பூதக்கண்ணாடி மாதிரி ஒளியைக் குவிக்கும். பக்கத்தில் கிடக்கும் காகிதம் நிஜமாகவே பற்றிக்கொள்ளும்.