கேளுங்க சொல்றோம்: ஆறு நாள்ல அஞ்சு மேட்ச்

கேள்வி: 1899-ல அமெரிக்காவுல ஒரு காலேஜ் டீம் ஆறு நாள்ல அஞ்சு அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் ஜெயிச்சதா வாட்ஸ்அப்ல ஒரு தகவல் வந்துச்சு சார். நிஜமா, இல்ல வழக்கமான ரீலா?

பதில்: நிஜம்தாங்க. டென்னசி மாநிலத்துல மலை மேல இருக்குற செவானி காலேஜ். எதிரா ஆடினதும் எல்லாம் காலேஜ் டீம்தான். நவம்பர் 9 ஆஸ்டின்ல டெக்சஸை 12-0, மறுநாள் ஹூஸ்டன்ல டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 10-0, அதுக்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸ்ல துலேனை 23-0, ஞாயித்துக்கிழமை ரெஸ்ட், திங்கள் எல்.எஸ்.யூ.வை (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) 34-0, செவ்வாய் மெம்ஃபிஸ்ல மிசிசிப்பியை 12-0. அஞ்சுலயும் எதிராளிக்கு முட்டைதான். போக வர சுமார் 2500 மைல் ரயில், தூக்கமும் ரயில்லதான். ஊர்த் தண்ணியையே பீப்பாய்ல ஏத்திட்டுப் போனாங்கனும் ஒரு கதை உண்டு, அதை நம்புறது உங்க இஷ்டம்.

கேள்வி: எதுக்கு சார் இந்த அவசரம்? ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆடக்கூடாதா?

பதில்: எல்லாம் காசுதான். பக்கத்துல இருக்குற வேண்டர்பில்ட் காலேஜ்தான் அவங்களுக்குப் பெரிய எதிரி, அந்த மேட்ச்ல டிக்கெட் வசூலைப் பங்கு பிரிக்கிறதுல தகராறாகி அந்த வருஷம் மேட்சே நடக்கல. கையில வரவேண்டிய பணம் போச்சு. டீம் மேனேஜர் லூக் லீ-ன்னு ஒரு ஸ்டூடன்ட், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஒரே ட்ரிப்ல எத்தனை மேட்ச் முடியுமோ அத்தனையும் ஃபிக்ஸ் பண்ணிட்டார். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியா போய்வந்தா ரயில் செலவுக்கே வசூல் சரியாப் போயிருக்கும்ல. வீரசாகசம்னு நாம இன்னிக்கு சொல்றோம், எனக்கென்னவோ இது முழுக்க ஒரு கணக்குப்புள்ளை மூளையாத்தான் தெரியுது.

கேள்வி: இப்ப டிவில பாக்குற அமெரிக்கன் ஃபுட்பால் மாதிரியேவா அப்பவும்?

பதில்: இல்லவே இல்ல. பந்தை முன்னாடி தூக்கி எறியுற பாஸ் 1906-லதான் அனுமதிச்சாங்க, அதுவரைக்கும் பந்தைக் கக்கத்துல இடுக்கிட்டு கூட்டத்துக்குள்ள முட்டி மோதிப் போறதுதான் ஆட்டம், மூணு முயற்சில அஞ்சு கெஜம் நகரணும். டச் டவுனுக்கு, அதாவது எதிராளியோட கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோறதுக்கு, 5 பாயின்ட், இப்ப 6. வெளிய போன ஆள் திரும்ப உள்ள வர முடியாது, அதனால அடிபட்டாலும் பல்லைக் கடிச்சுட்டு நின்னு ஆடுவாங்க. அப்படி ஒரு ஆட்டத்தை அடுத்தடுத்த நாள் ஆடியிருக்காங்க, அதான் எனக்கு ஸ்கோரை விடப் பெரிய ஆச்சரியம்.

கேள்வி: அப்ப அந்த சீசன்ல அவங்களுக்கு எதிரா யாருமே பாயின்ட் எடுக்கலையா?

பதில்: ஒரே ஒரு டீம், ஆபர்ன். மொத்தம் 12 மேட்ச், 12-லயும் ஜெயிப்பு, எடுத்தது 322 பாயின்ட், கொடுத்தது வெறும் 10, அந்தப் பத்தும் ஆபர்ன் எடுத்ததுதான். 11-10னு மயிரிழையில தப்பிச்சாங்க. ஆபர்ன் கோச் யாருன்னா ஜான் ஹைஸ்மன், இன்னிக்கு காலேஜ் ஃபுட்பால்ல சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்குற டிராஃபி இவர் பேருலதான் இருக்கு. தோத்த கடுப்புல மனுஷன் ரெஃப்ரியைக் குறை சொல்லி பேப்பருக்கே எழுதிட்டார்! ரெண்டு நாள் கழிச்சு அட்லாண்டாவுல நார்த் கரோலினாவை 5-0னு முடிச்சு சீசனைக் கட்டிட்டாங்க.

கேள்வி: அந்த மேனேஜர் பையன் பின்னாடி என்ன ஆனார்?

பதில்: சும்மா இருப்பாரா? பேப்பர் ஆரம்பிச்சார், அமெரிக்க செனட்டர் ஆனார், முதல் உலகப்போர்ல ராணுவத்துக்குப் போனார். போர் முடிஞ்சதும் 1919 ஜனவரில, நெதர்லாந்துல தஞ்சம் புகுந்திருந்த ஜெர்மனியோட முன்னாள் சக்கரவர்த்தி கைசரைத் தூக்கிட்டு வந்துரலாம்னு சில ஆளுங்களோட அவர் தங்கியிருந்த மாளிகைக்கே போயிட்டார். கைசர் கிடைக்கல. கூட வந்த ஒருத்தர் ஆஷ்ட்ரேயைச் சுட்டுட்டு வந்ததுதான் மிச்சம்.