எழுந்தால் தலைவலி, படுத்தால் இல்லை

இந்த இதழில் மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர்களின் பிரசவம் பற்றிய கேள்விகள்.

கேள்வி: என் மனைவிக்குத் தலைப்பிரசவம். வலி தாங்காமல் எபிடூரல், அதாவது முதுகில் போடும் வலி மரப்பு ஊசி, கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். முதல் தடவை குத்தியதும் ஊசியின் பின்முனையில் தெளிந்த தண்ணீர் போலச் சொட்டியது. டாக்டர் அதை எடுத்துவிட்டு ஓர் எலும்பு இடைவெளி தள்ளி மறுபடி போட்டார். மருந்து ஏறிய கால் மணி நேரத்தில் பிரஷர் இறங்கியது, பிள்ளையின் இதயத் துடிப்பும் குறைந்தது, ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். கடைசியில் வேக்கும் என்ற உறிஞ்சு கோப்பையைத் தலையில் வைத்துப் பிள்ளையை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் முதல் அவளுக்குத் தலை பிளக்கிறது. உட்கார்ந்து பால் கொடுக்க முடியவில்லை. பச்சை உடம்பில் காற்று புகுந்துவிட்டது, தண்ணீரைக் குறை என்கிறார் மாமியார். என்ன நடந்தது? என்ன செய்வது?

பதில்: "இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே பிரசவம் பார்த்த இடத்துக்கு அழைத்துப் போங்கள்" என்று உங்களுக்கு முன்பே தனியாகச் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விவரம் இங்கே.

நீங்கள் பார்த்த அந்தச் சொட்டில்தான் விடை இருக்கிறது. எபிடூரல் ஊசி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். இடுப்புப் பக்கம் இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே அதைச் செலுத்துவார்கள். பின்னால் உப்பு நீர் நிரப்பிய சிரிஞ்சை மாட்டி, அழுத்திக்கொண்டே முன்னேறுவார்கள். தசைநாரைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விட்டுப்போகும். அதுதான் சரியான இடம். அங்கிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, தண்டுவட நீரைப் பிடித்து வைத்திருக்கும் உறை இருக்கிறது. வலியில் துடிக்கும் பெண் ஒரு நொடி அசைந்தாலும், அசையாமலேயே இருந்தாலும்கூட, ஊசி அந்த உறையில் பட்டுவிடலாம். சுமார் 100 பேரில் ஒருவருக்கு இது நடக்கும். கைதேர்ந்தவருக்கும் நடக்கும். அப்படி ஓட்டை விழுந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தலைவலி வரும்.

ஓட்டை வழியே நீர் கசியக் கசிய, மூளையைத் தாங்கும் அழுத்தம் குறைகிறது. எழுந்து உட்கார்ந்தால் மூளை சற்றுக் கீழே இறங்கி அதன் உறைகளை இழுக்கிறது. அதனால்தான் எழுந்த சில நிமிடங்களில் நெற்றியும் பிடரியும் வலித்து, படுத்தால் விடுகிறது. சிலருக்குக் காது அடைக்கும், கண் கூசும், இரட்டையாகத் தெரியும். பெரும்பாலும் 3 நாளுக்குள் தொடங்கும். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். பால் கொடுக்கிற உடம்பு அது. வாய் வறண்டு கிடந்தால் தலைவலி இன்னும் கூடும்.

முதல் ஓரிரு நாளுக்குப் பெனடோல் (பாராசிட்டமால்) 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் 8 மாத்திரையைத் தாண்டக் கூடாது. வேறு வலி மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். இரண்டு கப் கோப்பி கொஞ்சம் உதவும். அதற்கு மேல் போனால் பிள்ளை தூங்காது, நீங்களும் தூங்க மாட்டீர்கள். ஒருக்களித்துப் படுத்தபடி பால் கொடுக்கச் சொல்லுங்கள். படுக்கை வலியைத்தான் குறைக்கும், ஓட்டையை மூடாது. நாள் முழுக்க அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. படுத்தபடியே பாதங்களை மடக்கி நீட்டட்டும்.

வலி தீராமல் பிள்ளையைத் தூக்க முடியாத நிலை நீடித்தால் 'பிளட் பேட்ச்' செய்வார்கள். ஒரு டாக்டர் உங்கள் மனைவியின் கையிலிருந்து 15 முதல் 20 மில்லி இரத்தம் எடுப்பார். இன்னொருவர் அதே எபிடூரல் இடத்தில் மெதுவாகச் செலுத்துவார். முதுகு கனக்கிறது என்று மனைவி சொன்னால் நிறுத்திவிடுவார். அந்த இரத்தம் உறைந்து ஓட்டையை அடைக்கும். சிலருக்கு ஒரு மணி நேரத்தில் தலை லேசாகும், சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படும். காய்ச்சல் இருந்தால் செய்ய மாட்டார்கள். முடிந்ததும் ஒன்றிரண்டு மணி நேரம் மல்லாந்து படுக்க வேண்டும். பிறகு சில நாளுக்குத் தண்ணீர் வாளி தூக்கக் கூடாது, குனிந்து கூட்டக் கூடாது, முதுகை அழுத்தித் தேய்க்கிற ஊருட்டும் வேண்டாம். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் வந்தால் காரை மெதுவாக ஓட்டுங்கள், சீட்டைச் சாய்த்துப் போடுங்கள்.

படுத்தாலும் விடாத வலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு, வலிப்பு, பார்வை மங்கல், ஏறிய பிரஷர், ஒரு பக்கம் கை கால் தளர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வேறு நோயாக இருக்கலாம். கோப்பி கலக்க நேரமில்லை, 999ஐ அழையுங்கள்.

பிரஷர் இறங்கியதற்கு வேறு காரணம். எபிடூரல் மருந்து வலி நரம்போடு, இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளையும் மரக்கச் செய்கிறது. இரத்தம் காலில் தேங்கி, நச்சுக்கொடிக்குப் போகும் அளவு குறைகிறது. 110 முதல் 160 வரை அடிக்க வேண்டிய பிள்ளையின் இதயம் மெதுவாகிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சொட்டு நீரை வேகப்படுத்தி, பிரஷர் ஏற்றும் ஊசி போட்டு, பிரசவ வலியைக் கூட்டும் மருந்தை நிறுத்துவார்கள். மருந்து கொடுத்த முதல் 20 நிமிடம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்ப்பது இதற்காகத்தான். கூட்டமாக ஓடிவந்தது கைகள் தேவை என்பதால்.

எபிடூரலில் முக்கும் உணர்வு குறைவதால் வேக்கும் தேவைப்படுவது கூடும், சிசேரியன் கூடுவதில்லை. பிள்ளை தலையில் கோப்பை பதிந்த வீக்கம் ஓரிரு நாளில் வற்றும். இரத்தம் கட்டியிருந்தால் மஞ்சள் காமாலை கூடலாம். வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள், கிளினிக்கில் இரத்தம் பாருங்கள்.

கேள்வி: என் தங்கைக்கு எபிடூரல் போட்டும் ஒரு பக்கம்தான் மரத்தது. மறுபக்கம் முழு வலி. ஏன்?

பதில்: ஊசி வழியே நுழைத்த மெல்லிய குழாயின் நுனி ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். சுமார் 8 பேரில் ஒருவருக்கு எபிடூரல் சரியாகப் பிடிப்பதில்லை. பனிக்கட்டியைத் தோலில் வைத்து எங்கே குளிர் தெரிகிறது என்று பார்த்து, குழாயை ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்து, மேலும் மருந்து கொடுப்பார்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது. "பொறுத்துக்கோ" என்று கூட இருப்பவர் சொல்லக் கூடாது, மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) சொல்ல வேண்டும். விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, குரல் தேய்ந்தால் மருந்து மேலே ஏறிவிட்டது. வாயில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல் என்றால் மருந்து இரத்தத்தில் கலக்கிறது. இரண்டுக்கும் அந்த நொடியே கத்திக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் பிரசவம். எபிடூரல் வேண்டுமானால் இப்போதே என்ன செய்ய வேண்டும்?

பதில்: மயக்க மருந்து டாக்டர் இரவும் பகலும் இருக்கும் இடத்தில்தான் போடுவார்கள். உங்களுக்கு அது ஈப்போ அல்லது தைப்பிங். வலி வந்தபின் தேடாமல், கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) இப்போதே பரிந்துரைக் கடிதம் எழுதி வாங்குங்கள். இரத்தம் உறையாமலிருக்கும் ஊசி போடுகிறீர்களா என்று சொல்லுங்கள். கடைசி ஊசி போட்டு குறைந்த அளவுக்கு 12 மணி நேரம், முழு அளவுக்கு 24 மணி நேரம் ஆக வேண்டும். அண்மையில் டெங்கி வந்திருந்தால் தட்டணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். 70,000க்குக் கீழே என்றால் பெரும்பாலும் மறுப்பார்கள்.

கேள்வி: முதுகில் ஊசி போட்டால் காலம் முழுக்க இடுப்பு வலிக்குமாமே?

பதில்: இல்லை. குத்திய இடம் சில நாள் நோகும், அவ்வளவுதான். பிரசவத்துக்குப் பின் வரும் நாள்பட்ட இடுப்பு வலி, எபிடூரல் போடாதவர்களுக்கும் அதே அளவில் வருகிறது. கடைசி மருந்து நின்று 4 மணி நேரமாகியும் காலை நீட்டித் தூக்க முடியாவிட்டால் மட்டும் உடனே சொல்லுங்கள். முதுகுக்குள் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று அன்றைக்கே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.