ஆறு மணிக்கு எங்கே போவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈரோடு பக்கம் ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ முடித்த கையோடு சேர்ந்த வேலை; இது நான்காவது வருடம். வருகிறவர்களில் பாதிப்பேர் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். மற்றவர்கள் சாயப்பட்டறை, லாரி, கட்டட வேலை. வாரம் இரண்டு நாள் உணர்வுகளைப் பற்றிக் குழு வகுப்பு எடுக்கிறேன். எட்டு முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டி, ‘இப்போது உங்கள் மனநிலை எது, தொட்டுக் காட்டுங்கள்’ என்பேன். ‘ஒண்ணுமில்லீங் மேடம்’, ‘ஒரு மாதிரி இருக்குதுங்’. இதைத் தாண்டிப் பேச்சு வராது. ஒருவர், ‘பொழுதானா காலு வீட்டுல நிக்க மாட்டீங்குதுங்’ என்றார். நான் மனதைக் கேட்டால் அவர் காலைச் சொல்கிறார். நம் ஆண்களுக்கு உணர்வுகளே தெரியவில்லையோ என்று தோன்றுகிறது.

நன்றாகத் தேறிவிட்டார் என்று நான் நம்பியிருந்த ஒருவர் போன வாரம் நான்காவது முறையாக வந்து சேர்ந்தார். என்னை அவர் தோற்கடித்துவிட்டதுபோல இருந்தது. அன்று இரவு அழுதேன். வதைமுகாமிலிருந்து மீண்டு வந்து வாழ்க்கையின் அர்த்தத்தைப் பற்றி எழுதிய மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலைப் படித்திருக்கிறேன். வாழ்க்கையில் அர்த்தம் இல்லாததால்தான் குடிக்கிறார்கள் என்றால், அந்த அர்த்தத்தை இவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? இது தொடர்பாகப் படிக்கப் புத்தகங்கள் சொல்ல முடியுமா? மதுவிலக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்த வேலையில் நீடிப்பதா என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் கேள்விகளுக்காக இதை எழுதவில்லை. கால் நிற்க மாட்டேன் என்கிறது என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காக எழுதுகிறேன். கொஞ்ச நாளாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடுவோம். மதுவிலக்கு 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கியது; 1971இல் கருணாநிதி அதைத் தளர்த்தினார்; 2003இல் அரசே கடை போட்டு உட்கார்ந்துகொண்டது. அந்த விவாதத்தை மேடைப் பேச்சாளர்களுக்கு விட்டுவிடலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகங்கள்? நீங்கள் படித்ததே போதும். இன்னும் படித்தால் இன்னும் இரண்டு அட்டை அடிப்பீர்கள்.

அடுத்து, அவர் உங்களைத் தோற்கடித்தது. அம்மா, குடிக்கும்போது அவருக்கு உங்கள் ஞாபகமே வந்திருக்காது. அவருடைய நோயில் உங்களுக்கு ஏன் ஒரு வெற்றிக்கோப்பை? அதே வாசலில் நான்காம் முறை செருப்பைக் கழற்றிவிட்டு, அதே வாட்ச்மேன் முகத்தைப் பார்த்து, அதே பதிவேட்டில் பெயர் சொல்ல அந்த மனிதர் எவ்வளவு வெட்கத்தை விழுங்கியிருப்பார்! வராமலே இருந்திருக்கலாம் இல்லையா? வந்தாரே. நீங்கள் இந்த நான்கு வருடத்தில் செய்த காரியம் அதுதான். திரும்பி வரலாம் என்று அவருக்குத் தோன்றும்படி ஓர் இடத்தை வைத்திருக்கிறீர்கள். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

அர்த்தம் பற்றி ஒரு வார்த்தை. சேர்ந்த முதல் வாரத்தில் அதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாத பூச்சியைச் சட்டையிலிருந்து தட்டிவிடுவார்கள். கவனிக்காவிட்டால் உயிரே போகும். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது டாக்டரும் மருந்தும் பி1 வைட்டமினும். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கிற வீடுகளில், ‘நாளையிலிருந்து ஒரே அடியாக நிறுத்து’ என்று ஆளை அறையில் வைத்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது அந்தக் காலுக்கு வருகிறேன்.

பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலும்தான் மறுபடி குடிக்கத் தள்ளும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பீர்கள். சரியான பாடம்தான். ஆனால் அவை எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிக்கொடுக்கிறீர்களா? பகல் ஷிஃப்ட் முடித்துத் தறியை விட்டு இறங்குகிறவனுக்குப் பசியும் களைப்பும் தனிமையும் சேர்ந்து வருவது மாலை ஆறு மணிக்கு. கோபத்துக்கு வீட்டில் ஏற்பாடு இருக்கும். காது இன்னும் தறிச் சத்தத்தில் இரைந்துகொண்டிருக்கும். வீடு ஒற்றை அறை. பிள்ளை படிக்கிறாள், டிவி ஓடுகிறது, கட்டிலில் அம்மா. அங்கே அவன் நின்றாலே யாருக்காவது இடைஞ்சல். கால் எப்படி நிற்கும்?

அவன் போய் உட்கார ஊரில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு படிப்பகமும் மன்றமும் இருந்தன. ஓரமாக ஒரு கேரம் போர்டு இருக்கும், நாலு பேர் வாய்ச்சண்டை போடுவார்கள், யாராவது தினத்தந்தியை உரக்க வாசிப்பார்கள். திண்ணைகளை இடித்துக் கடைமுன் ஷட்டர் போட்டுவிட்டோம். டீக்கடையில் ஒரு டீக்கு எவ்வளவு நேரம் உட்காரலாம்? எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அந்நேரம் நாற்காலியை மேசைமேல் கவிழ்த்துவிடுவார்கள். பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணிவரை யாரும் எதுவும் கேட்காமல் உள்ளே விடுகிற இடத்தை நடத்துவது அரசாங்கம்.

பாரில் கட்டிங் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை, சொல்கிறேன். கையில் முழுக் காசு இல்லாத ஒருவன், வாசலில் நிற்கும் முகம் தெரியாத இன்னொருவனிடம் ‘கட்டிங்கா?’ என்பான். இருவரும் காசு போட்டு ஒரு குவாட்டர் வாங்குவார்கள். இரண்டு பிளாஸ்டிக் டம்ளர்களை ஒட்டி வைத்து, குனிந்து, கண்ணை டம்ளர் மட்டத்துக்குக் கொண்டுவந்து ஊற்றுவான் ஒருவன். 180 மில்லியில் ஆளுக்கு 90. ஒரு சொட்டு கூடினாலும் மற்றவன் டம்ளரில் சரித்துவிடுவான். காலையிலிருந்து அவனை யாரும் அவ்வளவு நேர்மையாக நடத்தியிருக்க மாட்டார்கள். குடியைப் புகழ்கிறேன் என்று இதற்கும் நாலு பேர் கிளம்புவார்கள், கிளம்பட்டும். அரைமணியில் அதே இருவரும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த முதல் பத்து நிமிடத்துக்கு ஈடாக நாம் என்ன கொடுக்கிறோம்? எட்டு முகம் போட்ட அட்டை.

என் மாமா ஒருவர் குமாரபாளையத்தில் தறி ஓட்டினார். இரண்டு முறை மையத்தில் இருந்துவிட்டு வந்து இரண்டு முறையும் குடித்தார். மூன்றாவது முறை வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசுகிற இயக்கம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள், டீ வரும். ஞாயிறு தப்பித்தது. மீதி ஆறு நாள்? பஸ் ஸ்டாண்ட் பக்கம் வயதான புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் தள்ளுவண்டியில் இட்லிக்கடை போட்டிருந்தார்கள். ஒருநாள் ஆறரை மணிக்கு அங்கே கவிழ்த்து வைத்திருந்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு முறத்திலிருந்த சின்ன வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். மறுநாளும் போனார். சம்பளம் கிடையாது, நாலு இட்லி உண்டு. நகக்கண்ணில் சாறு ஏறி விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ‘குடிச்சப்பவாச்சு எங்க கெடப்பாருன்னு தெரியும், இப்ப அதுவுந் தெரியறதில்ல’ என்று என்னிடமே புலம்பினாள். நான் விசாரிக்கப் போனபோது மாமா தலை நிமிராமல் சொன்னார்: ‘நிறுத்தறது பெருசில்லீங் மாப்ள. நிறுத்தீட்டுப் பொழுதோட எங்க போயி உக்காரறது? அதச் சொல்றக்கு அங்க ஒருத்தருமில்ல.’

அங்கே என்று அவர் சொன்னது உங்களைப் போன்றவர்களை.

கார்த்திகை மாதம் மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். வருடம் முழுக்கக் குடிக்கிறவன் ஒரு மண்டலம் தொடுவதில்லை. மனஉறுதி, பக்தி என்கிறோம். இருக்கட்டும். அந்த நாற்பத்தொரு நாளும் அவன் சாயங்காலம் எப்படிப் போகிறது? குளியல், பஜனை, இன்றைக்கு யார் வீட்டுப் பூஜை என்கிற பேச்சு. போகாவிட்டால் ‘சாமி ஏன் வரல?’ என்று நாலு பேர் வந்து நிற்பார்கள். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால் ஐயப்பன் எங்கும் போய்விடுவதில்லை, பஜனைதான் நின்றுபோகிறது. (முற்றிய குடிநோயாளி மட்டும் டாக்டரைப் பார்க்காமல் மாலை போடக் கூடாது. காரணம் மேலே சொல்லிவிட்டேன்.)

உங்கள் ஃபிராங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். வதைமுகாம் பக்கங்களை அடிக்கோடு போட்டுப் படித்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். அதற்கு முன்பே, 1933இல், வியன்னாவில் வேலையில்லாமல் மனம் ஒடிந்து கிடந்த இளைஞர்களைப் பற்றி எழுதியிருக்கிறார் அவர். அவர்களுக்கு என்ன செய்தார்? இளைஞர் சங்கத்துக்கும் முதியோர் கல்விக்கும் பொது நூலகத்துக்கும் சம்பளமில்லாத வேலைக்கு அனுப்பினார். பசி அப்படியே இருந்தது, பையில் காசும் இல்லை, சோர்வு மட்டும் விலகியது. வார நாளெல்லாம் ஓடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வெறுமையில் விழுகிறவர்களைப் பற்றியும் பேசியவர் அவர். அர்த்தத்தை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்று கடைசிவரை சொன்னவரும் அவர்தான். அவரைப் படித்துவிட்டு ‘எப்படிக் கொடுப்பது’ என்று கேட்கிறீர்கள்.

ஏ.ஏ. இயக்கம் பிறந்ததும் அப்படித்தான். 1935 மே மாதம் ஒரு சனிக்கிழமை, அமெரிக்காவில் அக்ரன் என்னும் ஊரின் ஹோட்டல் கூடத்தில் பில் வில்சன் தனியாக நிற்கிறார். வந்த வியாபாரம் கெட்டுவிட்டது. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் பாரின் சிரிப்புச் சத்தம், மறுபக்கம் டெலிபோன். பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று பாதிரியார்களுக்குப் போன் போட்டார். மறுநாள் மாலை 5 மணிக்கு பாப் ஸ்மித் என்கிற அறுவைசிகிச்சை டாக்டர் வந்தார். பதினைந்து நிமிடத்துக்குமேல் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவர், இரவு 11 மணிவரை பேசிக்கொண்டிருந்தார். உலகம் முழுக்கப் போன இயக்கத்தின் தொடக்கம் அது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு மாலையைக் கடத்தியிருக்கிறார்கள்.

ஆகவே உணர்வுகள் தெரியவில்லை என்று இன்னொரு முறை எழுதாதீர்கள். பொழுதானால் என்ன நடக்கிறது என்று அந்த மனிதர் உங்களிடம் அச்சு அசலாகச் சொன்னார். நீங்கள் அதைக் குறித்துக்கொள்ளாமல் அட்டையைத் தொடச் சொன்னீர்கள். வீட்டுக்கு அனுப்புமுன் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேளுங்கள். தறியிலிருந்து எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போவார்? சனிக்கிழமைச் சம்பளத்தை யார் கையில், எந்த இடத்தில் வாங்குவார்? ஆறிலிருந்து ஒன்பதுவரை எங்கே உட்காருவார்? அங்கே அவர் வராவிட்டால் தேடுகிற ஆள் யார்? இடத்துக்குப் பெயர் வேண்டும். ‘வீட்லயே இருந்துக்கறேனுங்’ என்பார்கள், அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மனைவியைத் தனியாகக் கூப்பிட்டும் கேளுங்கள். இத்தனை வருடமும் அந்த நேரத்தில் தெருமுனை வண்டிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தவள் அவள். அவளுக்கும் சாயங்காலம் என்று ஒன்று பாக்கியிருக்கிறது.

நான்காம் முறை வந்தவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். வேலையை விடுவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். மையத்திலிருந்து கிளம்பியபிறகு நீங்கள் எங்கே போகிறீர்கள், யாரோடு பேசுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அன்று இரவு அழுதேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதவில்லை.