கலோரி எண்ணிச் சாப்பிட்டும் எடை ஏறுவது ஏன்?

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். வயது 38, உயரம் 156 செ.மீ. எடை 72 கிலோ இருந்தபோது, கைபேசிச் செயலியில் குறித்துக்கொண்டு நாளொன்றுக்கு 1,400 கலோரிக்குள் சாப்பிடத் தொடங்கினேன். அதே வாரம் வ.உ.சி. மைதானத்தில் மாலை நடையும், வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் ஆரம்பித்தேன். மதியம் அளவாகச் சோறு, இரவு இட்லி அல்லது தோசை, பசித்தால் கருவாடோ நார்த்தங்காய் ஊறுகாயோ வைத்துக் கொஞ்சம் பழைய சோறு, ஞாயிறன்று மட்டும் சொதி. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் எடை 73.8 கிலோ. மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. 1,000 கலோரியாகக் குறைத்துவிடலாமா?

பதில்: குறைக்க வேண்டாம். முதலில், ஏறிய 1.8 கிலோ என்னவாக இருக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம் என்று உணவியலில் கொள்வது வழக்கம். ஏறியது முழுவதும் கொழுப்பென்றால், 21 நாளில் சுமார் 13,900 கலோரி, அதாவது நாளொன்றுக்கு 660 கலோரி, உடல் செலவழித்தது போக மிஞ்சியிருக்க வேண்டும். உங்கள் வயதையும் உயரத்தையும் எடையையும் வைத்துப் பார்த்தால், உங்கள் உடலின் ஒரு நாள் செலவு 1,850 கலோரியை ஒட்டி இருக்கும். ஆகவே நீங்கள் தினமும் 2,500 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். சாப்பிடுவதையெல்லாம் குறித்து வைக்கும் ஒருவர் நாள் தவறாமல் 1,100 கலோரியைத் தவறவிட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. எனவே ஏறியதில் பெரும்பகுதி நீர் என்றே கொள்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. நீங்கள் உண்மையிலேயே 1,400 கலோரிதான் சாப்பிட்டிருந்தால், இதே மூன்று வாரத்தில் 1.2 கிலோ கொழுப்பு கரைந்திருக்க வேண்டும். அதையும் மறைத்துவிட்டுத் தராசு 1.8 கிலோ கூடுதலாகக் காட்ட, 3 கிலோ நீர் தேவை. உங்கள் வயதில் நலமாக இருக்கும் ஒருவருக்கு அது சற்று அதிகம். ஆகையால் எடை ஏறியதற்கு நீரும், இறங்க வேண்டியது இறங்காததற்கு அளவுப் பிழையும் காரணம் என்று பிரித்துப் பார்ப்பதே சரி.

நீர் சேர்ந்ததற்கான காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. பழக்கமில்லாத பயிற்சியில் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். அது ஆறும் வரை அங்கே நீர் கோத்துக்கொள்ளும். பயிற்சிக்குப் பழகும் தசை கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பையும் கூட்டிக்கொள்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் நீர் சேரும். அடுத்தது உப்பு. நம் உடல் நீரின் உப்புச் செறிவு லிட்டருக்கு 9 கிராம் அளவு என்பதால், கூடுதலாக 4 அல்லது 5 கிராம் உப்பு உடலில் தங்கினால் அரை லிட்டர் நீர் கூடவே தங்கும். சிறுநீரகம் அதை வெளியேற்ற இரண்டொரு நாளாகும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் நார்த்தங்காயும் செயலியில் மிகக் குறைந்த கலோரியோடு பதிவாகும் என்பதால், எடை குறைக்க முனைபவர்கள் அவற்றைத் தாராளமாகத் தொட்டுக்கொள்வதை அடிக்கடி காண்கிறேன். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒரு கிலோ வரை ஏறுவதும், மலச்சிக்கலால் எடை கூடித் தெரிவதும் இயல்பே.

இனி அளவுப் பிழை. 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களைச் சோதித்ததில், அவர்களுடைய உடலின் ஆற்றல் செலவில் குறை எதுவும் இல்லை. உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக யாரும் கருத வேண்டியதில்லை, கண்ணளவு அப்படிப்பட்டது.

நம் பக்கத்துச் சமையலில் இந்தப் பிழை முதலில் எண்ணெயில்தான் ஒளிந்திருக்கும். செயலியில் இரண்டு இட்லி என்று பதிவு செய்கிறோம். பொடியில் குழைத்த நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி என்றால், அது மட்டுமே 80 கலோரியைத் தாண்டும். தோசையைச் சுற்றி ஊற்றியதும், துவையலுக்கு வதக்கியதும், புளிக்குழம்பில் மிதப்பதும் யார் கணக்கிலும் வருவதில்லை. இதற்கு நான் சொல்லும் வழி, கரண்டியை விட்டுவிட்டு மாதக் கணக்கைப் பார்ப்பது. ஒரு லிட்டர் எண்ணெய்ப் பொட்டலத்தில் இருப்பது 910 கிராம். கிராமுக்கு 9 கலோரி வீதம் 8,190 கலோரி. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு பொட்டலம் தீர்ந்தால், தலைக்கு நாளொன்றுக்கு 270 கலோரிக்கும் மேல் எண்ணெயாக மட்டுமே போகிறது. அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கழித்துவிட்டாலும், உங்கள் பதிவேட்டில் இதில் பாதியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

தேங்காயும் அப்படித்தான். 100 கிராம் தேங்காயில் 350 முதல் 400 கலோரி உண்டு. சொதிக்கு ஒரு முழுத் தேங்காயைப் பிழிந்து பால் எடுக்கும்போது, அதன் கொழுப்பில் கணிசமான பங்கு பாலில் இறங்கிவிடும். அதைக் காய்கறிக் குழம்பு என்ற பெயரில் பதிந்தால் செயலி கால்வாசியைக்கூடக் காட்டாது. வாரத்தில் ஒரு நாள் உண்ணும் சொதியால் எடை ஏறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை நிறுத்தச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. சரியாகப் பதியுங்கள், போதும்.

சோற்றில் வேறு வகைக் குழப்பம் நேர்கிறது. 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி. வெந்த சோறு 100 கிராம் சுமார் 130. உழக்கிலோ தராசிலோ 150 கிராம் அரிசியை அளந்து வடித்துச் சாப்பிட்டுவிட்டு, சோறு 150 கிராம் என்று பதிபவர்கள் ஒரே வேளையில் 300 கலோரிக்கு மேல் தவறவிடுகிறார்கள். சுக்குக் காப்பியில் போடும் கருப்பட்டியும் சீனியும் கிராமுக்குக் கிராம் ஏறக்குறைய ஒரே கலோரி தருபவை என்பதும், கோடையில் குடிக்கும் பதநீரும் சர்க்கரைத் தண்ணீர்தான் என்பதும் நம்மூரில் பலருக்குப் பிடிக்காத உண்மைகள். அல்வாவைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நடையின் கணக்கையும் சரிபாருங்கள். உங்கள் எடைக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் கூடுதலாகச் செலவாவது 200 கலோரிக்கு உட்பட்டதே. கைக்கடிகாரம் 400 என்று காட்ட, செயலியும் அதை அன்றைய உணவு அளவில் சேர்த்துக் கொடுத்தால், பற்றாக்குறையில் பாதி அங்கேயே போய்விடும். செயலியில் அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

1,000 கலோரி வேண்டாம் என்றதற்குக் காரணம் இப்போது விளங்கும். அளவு பிழையாக இருக்கும்போது இலக்கைக் குறைத்தால், பசி மட்டும் நிச்சயமாகக் கூடும். புரதம் போதாமல் தசையும் கரையும். மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் அவ்வளவு குறைவாக உண்பது சரியன்று.

நோய் காரணமாக இருக்குமோ என்ற ஐயத்தையும் ஒதுக்கிவிடலாகாது. சோர்வு, குளிர் தாங்காமை, முடி உதிர்தல், மாதவிடாய் மாற்றம் ஆகியவை இருந்தால் தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஆனால் தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோவுக்குள் அடங்கும், அதிலும் நீர்தான் அதிகம். உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் பிற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஸ்டீராய்டு, இன்சுலின், பயோகிளிட்டசோன், ஓலன்சபின் போன்ற மருந்துகள் எடையைக் கூட்டக்கூடும், மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது. எடை சில நாட்களிலேயே 2 கிலோவுக்கு மேல் ஏறி, காலில் அழுத்தினால் குழி விழும் வீக்கமோ, முகம் உப்புதலோ, படுத்தால் மூச்சுத் திணறலோ சேர்ந்திருந்தால், அது இதயம் அல்லது சிறுநீரகம் சார்ந்ததாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அப்படி எதுவும் இல்லையென்றால் 1,400 கலோரியிலேயே தொடருங்கள். இரண்டு வாரத்துக்கு மட்டும் சமையலறைத் தராசில் அரிசி, எண்ணெய், தேங்காய் மூன்றையும் சமைப்பதற்கு முன் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் கழிவறை சென்று வந்தபின், எதுவும் குடிப்பதற்கு முன், பாய் விரிக்காத சமதளத் தரையில் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணைப் பொருட்படுத்தாமல், ஏழு நாள் சராசரியை எடுத்து, சென்ற மாதவிடாய்ச் சுழற்சியின் அதே வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஐந்து வாரம் கழித்தும் அந்தச் சராசரி இறங்கவில்லையென்றால், அப்போது 150 முதல் 200 கலோரியைக் குறைக்கலாம். அதைச் சோற்றில் கை வைக்காமல் முதலில் எண்ணெயிலும் கருப்பட்டியிலும் குறையுங்கள்.