ஜாக்கி போட்டுப் பார்த்தீர்களா?

கேள்வி: 1990 ஜீப் ரேங்ளர் வாங்கினேன். "டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) புதுசு" என்று விற்றவர் கூடுதல் பணம் வாங்கினார். ஃபோர் வீல் போட்டும் மணலில் பின் சக்கரங்கள் மட்டுமே சுற்றுகின்றன.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார். குறை பெரும்பாலும் முன் ஆக்சிலில்தான். இந்த மாடலில் (1987–95) வலப்பக்க ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுவே ஸ்ப்ளைன் (ஷாஃப்டில் வெட்டிய பற்கள்) மேல், இரண்டையும் இணைக்கும் காலர் என்ற வளையம் நகரும். அதைத் தள்ளும் ஃபோர்க்கை வேக்குவம் மோட்டார் (எஞ்சினின் காற்று உறிஞ்சலால் இயங்கும் சிறு கருவி) அசைக்கிறது. டூ வீலில் காலர் விலகி நிற்கும். இடச் சக்கரம் ஓட, வலப்பக்க உள்துண்டு எதிர்த்திசையில் சும்மா சுற்றும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்கு வரும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நின்றுவிடும். ஃபோர் வீலில் காலர் சேரவில்லையென்றால், பிடிப்பில்லாத அந்த உள்துண்டு மட்டும் சுழலும். இடச் சக்கரத்துக்கும் இழுவை கிடைக்காது.

பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரல், எஞ்சின் ஓடட்டும், ஃபோர் வீல் போடுங்கள். ஒரு முன் சக்கரத்தைக் கையால் திருப்பினால் மற்றது எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் காலர் சேரவில்லை.

அடுத்து மோட்டாருக்கு வேக்குவம் கொண்டுவரும் ஹோஸ்களைப் பாருங்கள். வெடித்த ரப்பர் குழாய்க்காக முழு டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றச் சொல்பவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம். வேக்குவம் மோட்டாரைக் கை வேக்குவம் பம்பில் சோதியுங்கள்: 15 அங்குலப் பாதரச வேக்குவத்தை 30 விநாடியாவது தாங்க வேண்டும். ஹோஸுக்குள் கியர் ஆயில் இருந்தால் மோட்டார் தண்டின் சீல் போய்விட்டது. அதைப் பார்க்காமல் பழைய மோட்டார் வாங்கிப் பணம் இழந்தவன் நான்.

கேள்வி: காலரே வேண்டாமென்று ஒற்றை ஷாஃப்ட் போடலாமா?

பதில்: போடலாம். அதற்கேற்ற சீலையும் சேர்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆயில் ஒழுகும். முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இனி எப்போதும் சுற்றும். அதன் யுனிவர்சல் ஜாயின்ட் (வளைந்து கொடுக்கும் இணைப்பு) தளர்ந்திருந்தால் நெடுஞ்சாலையில் அதிரும்.

கேள்வி: ஃபோர்ட் எஃப்-150. மேட்டில் ஏறும்போது முன் சக்கரத்தில் கரகரப்பு. ஹப் பேரிங் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: பொறுங்கள். 2004 முதல் வந்த இந்த ஃபோர் வீல் வண்டிகள் பலவற்றில், டூ வீலில் ஓடும்போது வேக்குவம்தான் முன் சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து பிரித்து வைக்கிறது. கசிவு இருந்தால், ஆக்சிலரேட்டரை அழுத்தி வேக்குவம் குறையும்போது சக்கரத்தையும் ஷாஃப்டையும் இணைக்கும் பற்கள் அரைகுறையாக உரசும். முதலில் ஹோஸ், செக் வால்வு (ஒருவழி வால்வு), சோலனாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) இவற்றைப் பாருங்கள். தொடர்ந்து உரசவிட்டால் பற்கள் தேய்ந்துவிடும்.

கேள்வி: பழைய வண்டி ஒன்றை வீடியோவில் பார்த்து முழுப் பணமும் அனுப்பிவிட்டேன். ஃபோர் வீல் வேலை செய்யுமா?

பதில்: பணம் அனுப்புமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.