மயில் மீனா, மார்லினா: தூண்டிலில் எது கஷ்டம்?

மயில் மீன் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் நீந்துமாமே, அப்படியென்றால் மார்லினைவிட அதைப் பிடிப்பதுதானே கஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே ஈட்டி மாதிரி மூக்குள்ள கடல் மீன்கள்; மயிலுக்கு முதுகில் படகுப் பாய் மாதிரி பெரிய துடுப்பு இருக்கும், மார்லினுக்கு அது இல்லை. யூடியூப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போல. தப்பில்லை, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

அந்த 110 ரொம்பப் பழைய கணக்கு. புளோரிடாவில் தூண்டிலில் மாட்டிய ஒரு மயில் மீன் 3 விநாடியில் 91 மீட்டர் தூண்டில் நரம்பை உருவிக்கொண்டு போனதை வைத்துச் சொன்னது. 2016இல் தசை சுருங்கும் வேகத்தை அளந்தவர்கள் 54 கி.மீ.க்கு மேல் வாய்ப்பே இல்லை என்றுவிட்டார்கள். அதனால் வேகத்தை விடுங்கள். கஷ்டம் மார்லின்தான், அதிலும் கருப்பு மார்லின். எங்கள் பக்கம் கொப்பரக்குல்லா என்போம்.

தூத்துக்குடியில் மாமாவின் பைபர் படகில் போயிருந்தோம். முரல் மீனை இரையாக மாட்டி இழுத்துக்கொண்டே போகும்போது ஏதோ வந்து இரையை மூக்கால் அடித்தது. நான் இழுக்கப் போனேன், மாமா கையைத் தட்டிவிட்டார். அடிக்கிற மீன் உடனே விழுங்காது, நரம்பைத் தளர்த்தி அஞ்சு எண்ணு என்றார். எண்ணிவிட்டு இழுத்ததும் ஆட ஆரம்பித்தது பாருங்கள், எத்தனை தடவை எகிறியது என்று எண்ண முடியவில்லை, ஆனால் அரை மணி நேரத்தில் அசந்துபோய்ப் பக்கவாட்டில் மிதந்து வந்துவிட்டது. முதுகில் அந்தப் பாய்த் துடுப்பைக் காணவில்லை, நான் "மார்லின், மார்லின்" என்று கத்தி போட்டோவும் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று. மாமா முதுகுப் பள்ளத்தில் விரலை விட்டு நெம்பினார், விசிறி மாதிரி விரிந்தது. "ஏல, இது மயிலுல்லா!" வயிற்றுக்கு அடியில் கயிறு மாதிரி நீளமாக இரண்டு துடுப்பு தொங்கியதையும் அப்புறம்தான் கவனித்தேன், மார்லினுக்கு அது குட்டையாக இருக்கும். அந்த போட்டோவுக்கு இன்னும் கிண்டல் ஓயவில்லை.

அடுத்த வருஷம் நிஜமாகவே மார்லின் மாட்டியது. ஆட்டமெல்லாம் இல்லை, நேரே கீழே போனது. ரீலில் நரம்பு தீரத் தீர மாமா படகைத் திருப்பிப் பின்னாலேயே ஓட்டினார். ஒரே ஒரு தடவை மேலே வந்தது, மார்புத் துடுப்பு இரண்டும் விமான இறக்கை மாதிரி விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தன. கருப்பு மார்லினுக்கு மட்டும்தான் அதை மடக்க வராது, அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். ஒன்றரை மணி நேரம் கழித்து நரம்பு அறுந்தது. அன்று சாயங்காலம் டீ கிளாஸைக்கூட இரண்டு கையால்தான் பிடித்தேன்.

கரைக்கே கொண்டுவராத மீனைப் பற்றி இவன் எப்படிப் பேசலாம் என்று யாராவது கீழே கமெண்டில் வருவீர்கள், தெரியும். சாட்சி மாமாதான், அவர் இந்தப் பக்கமெல்லாம் வரமாட்டார். மயிலை லேசாகப் பேசுகிறேன் என்றும் சண்டைக்கு வராதீர்கள். 1947இல் ஈக்வடாரில் பிடித்த மயில் 100 கிலோ, அது சாதனை. 1953இல் பெருவின் கபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த கருப்பு மார்லின் 707 கிலோ. சண்டை ஒரே ஆட்களுக்கு இடையில் இல்லை, அவ்வளவுதான்.

மயில் என்றதும் இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓர் ஓட்டலில் வஞ்சிரம் வறுவல் கேட்டேன். வந்த துண்டு ஒரு வாய்க்கே இறுகலாக, நார் நாராகப் பிரிந்தது. நாங்கள் அன்று பிடித்த மயிலை வீட்டில் குழம்பு வைத்தபோது இருந்த அதே சதை. தம்பி, இது மயில் மீன்தானே என்றால், "வஞ்சிரம்தான் சார், வேணும்னா பில்ல பாருங்க" என்கிறான். பார்த்தேன், வஞ்சிரம் என்றுதான் போட்டிருந்தது, வஞ்சிரம் விலைதான்.